முகத்து உரோமமும் மின்னூசியும்



சென்ற வாரம் எமக்குக் கிடைத்த கடிதங்களுள் ஒன்றை இரண்டு முறை வாசித்தோம். அதனை வரைந்தவர் வடபகுதியைச் சேர்ந்த ஓர் அன்னையார். பெயரும் ஊரும் வெளிவரலாகாது என்று கேட்டிருக்கின்றார், அவ்வாறே செய்கின்றோம். அவருடைய மூத்த புதல்விக்கு வயது 24. பாடசாலையொன்றிற் படிப்பிக்கின்றார். இன்னும் ஆறு வாரங்களில் அவருக்குத் திருமணம். மேலுதட்டிலும் நாடியிலும் அப்பிள்ளைக்குக் கருமையான உரோமம் வளர்கின்றது. ஐந்து வருடங்களாகக் காலைதோறும் அறைக் கதவைத் தாழிட்டு, கண்ணாடி முன் நின்று, சாவணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வருகின்றாராம். "பெண் பார்க்க அவர்கள் வந்த அன்றும் என் பிள்ளையின் கை நாடியை விட்டு இறங்கவில்லை" என்று அவ்வன்னையார் எழுதியிருக்கின்றார்.

அவர் எம்மிடம் மூன்று வினாக்களைக் கேட்கின்றார். ஊசியால் மின்சாரம் செலுத்தி உரோமத்தை அடியோடு நீக்கலாம் என்பது மெய்தானா? மெய்யாயின், திருமணத்திற்கு முன் அதனை முடித்துவிட இயலுமா? மாப்பிள்ளை வீட்டாருக்கு இதனைச் சொல்ல வேண்டுமா? கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில், இன்னுமொரு செய்தியையும் குறித்திருக்கின்றார். அதனைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம். மூன்று வினாக்களிலும் அதுவே பெரிதென்பது எமது கருத்து.

இதே வினாக்களை மனத்தில் வைத்துக்கொண்டு நாணத்தாற் கேளாதிருக்கும் சகோதரிகள் பலர் இருப்பர். ஆதலால் இவ்வாரப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கினோம்.

அவசரம் செய்த கேடு

முகத்து உரோமத்தை விரைவாகவும் நோவின்றியும் போக்க வேண்டும் என்னும் ஆசை புதியதன்று. அவ்வாசையைப் பயன்படுத்திப் பொருள் தேடியோரும் என்றும் இருந்தனர். 1930ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவிற் 'கோரெம்லு' என்னும் பூச்சொன்று விற்பனையாயிற்று. அதிற் கலந்திருந்தது தாலியம் அசற்றேற்று என்னும் நஞ்சு; தாலிய உப்புக்கள் எலிகளைக் கொல்லப் பயன்பட்டவை. அதனைப் பூசிய பெண்களுட் பலருக்குத் தலைமயிர் கொட்டியது, நரம்புகள் கெட்டன, சிலருக்குக் கண்பார்வையும் குன்றியது. 1938இல் அந்நாட்டில் அழகுப் பொருட்களையும் அரசாங்கக் கட்டுப்பாட்டின் கீழ்க் கொண்டுவந்த சட்டம் பிறப்பதற்கு இத்தகைய கேடுகளும் காரணமாயின.

அதே காலத்தில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு முகத்து உரோமத்தை உதிர்க்கும் நிலையங்களும் அங்கே தோன்றின. உரோமம் உதிர்ந்தது உண்மையே. நோவும் இல்லை. ஆயினும் பல ஆண்டுகள் கழிந்தபின் அம்முகங்களில் தோல் சுருங்கிப் புண்ணாயிற்று; பலருக்குப் புற்றுநோயும் கண்டது. பதறாத காரியம் சிதறாது என்று எம் முன்னோர் கூறியது இவ்விடயத்திற்கும் பொருந்தும். நாம் கூறப்போகும் மின்னூசி முறை மிக மெதுவானது. அதன் குறையும் அதுவே. அது நம்பத்தக்கதாக இருப்பதற்குரிய காரணமும் அதுவே.

கண் வைத்தியர் கண்ட வழி

அழகு நிலையத்திலன்றிக் கண் வைத்தியசாலையிலேயே இம்முறை பிறந்தது. கண்ணிமை மயிர் சிலருக்கு உட்புறமாகத் திரும்பி வளர்ந்து கண்மணியை உராயும். பிடுங்கினாலோ மீண்டும் முளைக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்த சாள்ஸ் மிஷெல் என்னும் கண் வைத்தியர், மெல்லிய ஊசியொன்றை மயிர்க்காலினுட் செலுத்தி, மின்கலத்தின் ஓட்டத்தைச் சிறிது நேரம் பாய்ச்சி, அம்மயிர் மீண்டும் முளையாதபடி செய்தார். 1875இல் அதனை வெளியிட்டார். அதே நகரத்துத் தோல் வைத்தியரான ஹாடவே என்பவர் பின்னர் அம்முறையைப் பெண்களின் முகத்து உரோமத்திற்குக் கையாண்டார்.

ஒரு மயிருக்கே நெடுநேரம் செல்வதால், பல ஊசிகளை ஒருங்கே வைக்கும் வழியை 1916இல் போல் கிறீ என்பவர் வகுத்தார். பிரான்சில் லியோன் நகரத்து ஹென்றி போர்டியே என்னும் வைத்தியர் 1924 அளவில், மிகுந்த அதிர்வுடைய மாறுமின்னோட்டத்தின் வெப்பத்தால் மயிர்க்காலை அழிக்கும் முறையைக் கண்டார். இவ்விரண்டையும் ஒன்றாக்கிய கருவிக்கு ஆதர் ஹிங்கிள், ஹென்றி சென் பியேர் என்னும் இருவர் 1948இல் காப்புரிமை பெற்றனர். இன்றும் வழக்கிலிருப்பவை இம்மூன்று முறைகளே.

ஊசியின் முனையில் நிகழ்வது

பாடசாலையில் இரசாயனம் பயின்ற பிள்ளைகள், உப்பு நீரில் இரு கம்பிகளை இட்டு மின்னைப் பாய்ச்சும் பரிசோதனையை அறிவர். மின்பகுப்பு என்பது அதுவே. எமது தோலின் ஈரமும் ஒருவகை உப்பு நீர்தான். ஊசியை மின்கலத்தின் எதிர்முனையோடு தொடுத்து மயிர்க்காலினுள் வைப்பர். நேர்முனையோடு தொடுத்த கோலைச் சிகிச்சை பெறுபவர் கையிற் பிடித்திருப்பார். மின்னோட்டம் பாயும்போது ஊசியைச் சுற்றியுள்ள உப்பும் நீரும் பிரிந்து, எரிசோடா என்னும் காரமும் ஐதரசன் வாயுவும் உண்டாகும். மயிர்க்காலின் வாயிற் சிறு வெண்ணுரை தோன்றுவதும் உண்டு. மயிரை வளர்க்கும் உயிரணுக்களை அக்காரமே அழிக்கின்றது.

இதற்கு வேண்டிய மின்னோட்டம் மிகச் சிறிது. ஒரு மில்லியம்பியரின் பத்திலொரு பங்கு ஒரு செக்கன் நேரம் பாய்ந்தால் உண்டாகும் காரத்தை ஓர் அலகு என்று கணக்கிடுவர். மூன்று பங்கு 20 செக்கன் பாய்ந்தால் 60 அலகு. மயிரின் தடிப்புக்கும் ஆழத்துக்கும் ஏற்ப இக்கணக்கு மாறும்.

வெப்ப முறை இதனினும் விரைவானது; ஒரு மயிருக்குச் சில செக்கன் போதும். கொதிநீரில் முட்டையின் வெண்கரு திரள்வது போல மயிர்க்காலின் அடி வெப்பத்தால் திரண்டு அழிகின்றது. ஆனால் வெப்பம் ஊசியைச் சுற்றியுள்ள சிறு பரப்பையே எட்டும். காரமோ நீர்போல வளைந்த இடத்துக்கும் ஓடும். பல்லாண்டு பிடுங்கியதால் வளைந்துபோன மயிர்க்கால்களுக்குக் கார முறையோ கலப்பு முறையோ ஏற்றதென்பது இதனாலேயாம்.

தோட்டத்திற் கோரைப்புல் பிடுங்கியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. மேலே இழுத்தாற் புல் கையோடு வரும். கிழங்கு மண்ணில் இருக்கும். அடுத்த மழைக்கு மீண்டும் முளைக்கும். சாவணமும் நூலும் மெழுகும் புல்லை இழுக்கின்றன. ஊசி கிழங்கைத் தேடுகின்றது.

ஏன் ஓராண்டு?

எல்லா உரோமங்களும் ஒரே காலத்தில் வளர்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் வளரும் பருவம், தளரும் பருவம், உறங்கும் பருவம் என மூன்றுண்டு. வளரும் பருவத்தில் இருக்கும்போதே ஊசி நன்கு பலிக்கும். இன்று உறங்கும் உரோமம் சில மாதங்கள் கழித்தே விழித்தெழும். ஆகவே தொடக்கத்தில் வாரந்தோறும், பின்னர் இடைவெளி விட்டு, ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை ஒழுங்காகச் செல்ல வேண்டும். இடையில் நிறுத்துவோர் 'பலனில்லை' என்று கூறுவதைக் கேட்கின்றோம். அவர்கள் கைவிட்டது பெரும்பாலும் பாதி வழியிலேதான்.

லேசர் விரைவன்றோ என்று சிலர் கேட்பர். லேசர் ஒளி மயிரின் கருநிறத்தைத் தேடிச் சுடுவது. எமது கருந்தோலில் பொருத்தமற்ற லேசரைப் பயன்படுத்தினால் தோலும் சுடும். நரைமயிரில் அது பலிக்காது. சிலருக்கு முகத்தில் உரோமம் முன்னிலும் கூடியதும் உண்டு. தக்க கருவியும் தக்க வைத்தியரும் வாய்த்தால் அதுவும் நற்பயன் தரும். ஆயினும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் லேசருக்கு 'நிரந்தரக் குறைப்பு' என்னும் சொல்லையும், மின்னூசிக்கு மாத்திரமே 'நிரந்தர நீக்கம்' என்னும் சொல்லையும் அனுமதித்திருக்கின்றது. அன்னையாரின் முதல் வினாவுக்கு இதுவே விடை: ஆம், மெய்தான்.

செல்லுமுன் செய்யவேண்டியவை

முதலாவதாக, சாவணத்தை எடுத்து வைத்துவிடுக. பிடுங்கிய மயிர்க்காலில் ஊசிக்கு வழிகாட்ட மயிர் இராது. சிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்னிருந்தே பிடுங்குதலையும், நூலிட்டு எடுத்தலையும், மெழுகையும் நிறுத்த வேண்டும். இடைக்காலத்திற் கத்தரிக்கோலால் நறுக்கலாம், சவரமும் செய்யலாம்.

சவரம் என்றதும் தாய்மார் திடுக்கிடுவர். சவரஞ் செய்தால் மயிர் தடித்து வளரும் என்பது எங்கும் பரவிய நம்பிக்கை. அதே செயின்ட் லூயிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மில்ட்ரெட் ட்ரொட்டர் என்னும் பெண் விஞ்ஞானி இதனைச் சோதித்து, 1928இல் முடிவை வெளியிட்டார். சவரம் மயிரின் தடிப்பையோ வளர்ச்சியையோ கூட்டுவதில்லை என்று கண்டார். வெட்டிய முனை மழுங்கியிருப்பதாற் கைக்குக் கரடாகத் தோன்றுகின்றது, அவ்வளவே. மேலும், சிகிச்சைக்கு மூன்று நான்கு நாட்களுக்கு முன் சவரஞ் செய்தால், அன்றைக்கு வெளியே தலைகாட்டுபவை யாவும் வளரும் பருவத்து மயிர்களே என்று அறியவும் இயலும். சாவணம் பற்றுமளவுக்கு அவை வளர்ந்திருந்தாற் போதும்.

இரண்டாவதாக, முன்னிரு நாட்களும் நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஈரமில்லாவிடிற் காரம் உண்டாகாது என்பதை மேலே கண்டோம். கடும் வெயிலைத் தவிர்க்க வேண்டும். அன்றைய தினம் பௌடரும் கிறீமும் எண்ணெயும் பூசாது, முகத்தைக் கழுவிக்கொண்டு செல்க. தேநீரும் கோப்பியும் அதிகம் அருந்தாதிருத்தல் நன்று; சிலருக்கு அவை நோவைக் கூட்டும். மாதவிடாய்க்குச் சற்று முன்னுள்ள நாட்களிலும் நோவு கூடுதலாகத் தெரியும். மரத்துப்போகச் செய்யும் களிம்பை வைத்தியர் சொன்ன அளவுக்கு மேற் பூசலாகாது.

மூன்றாவதாக, முகத்தை வெளுப்பாக்கும் கிறீம்களைப் பாவிப்போர் அதனை மறையாது சொல்ல வேண்டும். அவற்றுட் சிலவற்றில் ஸ்டீரொயிட் மருந்து கலந்திருக்கும். அது தோலை மெலிவாக்கும். நாட்பட்டால் முகத்தில் உரோமத்தையும் வளர்க்கும். ஒரு கையால் நட்டு மறுகையாற் களை பிடுங்குவது போன்றது அது.

இருதயத்திற் கருவி பொருத்தியோர், கர்ப்பவதிகள், நீரிழிவு அல்லது வலிப்பு நோய் உடையோர், தழும்பு தடித்து வளரும் தோலுடையோர் ஆகியோர் வைத்தியரின் சம்மதமின்றி இதனை மேற்கொள்ளலாகாது. மச்சத்தில் முளைத்த மயிரை முதலில் வைத்தியருக்குக் காட்டுக.

அங்கே கவனிக்க வேண்டியவை

ஊசி புதிதாக இருத்தல் வேண்டும். மூடி முத்திரையிட்ட உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கும்படி கேளுங்கள். அதிற் கூச்சம் வேண்டியதில்லை. ஒருவருக்கு இட்ட ஊசி மற்றொருவருக்குச் செல்லுமாயின் ஈரல் அழற்சி முதலிய கொடிய நோய்களும் உடன் செல்லும். சிகிச்சையளிப்பவர் கையுறை அணிந்திருக்கின்றாரா, சாவணத்தைக் கிருமி நீக்கி வைத்திருக்கின்றாரா என்பவற்றையும் நோக்குக.

ஊசி தோலைத் துளைப்பதில்லை. மயிர் வெளிவரும் துவாரத்தினூடாகவே, அது சாயும் திசையிலேயே உட்செல்ல வேண்டும். குத்தும் நோவோ இரத்தமோ தோன்றினால் வழி தவறியது என்று கொள்க. சூடும் சுருக்கும் தெரியும். அதனை எதிர்பார்த்தே செல்ல வேண்டும். ஆனால் பின்னர்ச் சாவணத்தால் எடுக்கும்போது மயிர் தானாக வழுக்கிக்கொண்டு வரவேண்டும். பிடுங்கும் நோவு தெரிந்தாற் கிழங்கு அழியவில்லை, உடனே சொல்லுங்கள். முதல் நாளிற் சிறியதோர் இடத்தில் மாத்திரம் செய்துபார்த்து, தோல் எவ்வாறு ஆறுகின்றது என்று கண்டபின்னரே மேலே செல்லும்படி கேட்பது புத்தி. நெருங்கிய மயிர்களை ஒரே நாளில் எடுத்தலும் கூடாது.

வீடு திரும்பிய பின்

சிவப்பும் வீக்கமும் சில மணி நேரம், சிலருக்கு ஓரிரு நாள் இருக்கும். ஐஸ் கட்டியைச் சுத்தமான துணியிற் சுற்றி ஒற்றுக. இரண்டு நாட்களுக்குப் பௌடர், மஞ்சள், சந்தனம் ஒன்றும் வேண்டா. கடற்குளிப்பும் கேணிக் குளிப்பும் வேண்டா. வெயிலிற் செல்ல நேர்ந்தாற் குடையோடு செல்க. கடுகளவிலான பொருக்குகள் தோன்றலாம். அவற்றை நகத்தாற் கிள்ளாதிருந்தால் ஒரு வாரம் பத்து நாட்களில் தாமாகவே உதிரும். கிள்ளினாற் கரும்புள்ளியாகும், எமது தோலில் அப்புள்ளி மறைவதற்குப் பல மாதங்கள் செல்லலாம்.

கடிதத்தின் கடைசி வரி

இரண்டாம் வினாவுக்கு விடை இப்போது நேயர்களுக்கே விளங்கியிருக்கும். ஆறு வாரத்தில் இது முடியாது. முடித்துத் தருவதாகக் கூறுவோரை நம்பலாகாது. இப்போது தொடங்கினால், மணவறையில் அமரும் நாளிற் பொருக்கும் புள்ளியும் முகத்தில் இருக்கவுங்கூடும். திருமணம் முடியட்டும்; பின்னர் ஆறுதலாகத் தொடங்கலாம். மணநாளன்று காலை புதிய சவர அலகொன்றே போதும்.

ஆனால் அந்த ஆறு வாரத்திற் செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. "பிள்ளைக்கு மாதச் சுகவீனமும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, அது கலியாணம் முடிந்தாற் சரிவரும் என்கிறார்கள்" என்று அன்னையார் கடைசி வரியில் எழுதியிருக்கின்றார். அம்மையீர், அதனைக் கலியாணத்திடம் ஒப்படைக்க வேண்டாம். வைத்தியரிடம் ஒப்படையுங்கள்.

நாடியிற் கரிய உரோமமும் மாதவிடாய் ஒழுங்கின்மையும் சேர்ந்து வந்தால், சூலகத்திற் பல நீர்ப்பைகள் காணப்படும் நிலை இருக்கலாம். 1935இல் சிக்காகோ வைத்தியர்களான ஸ்டைன், லெவெந்தால் என்னும் இருவர் ஏழு பெண்களிடம் கண்டு இதனை விவரித்தனர். பிள்ளைப்பேற்று வயதிலுள்ள பெண்களிற் பலருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது; அவர்களிற் பெரும்பாலோர் தமக்கு அது உண்டென்றே அறியார். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேன் பரிசோதனையும் இதனைக் காட்டும். அரசாங்கப் போதனா வைத்தியசாலைகளிற் கட்டணமின்றியே நிபுணரைக் காணலாம். இதனைக் கவனியாது ஊசியை மாத்திரம் நாடினால், ஓமோன் மிகுதியால் இன்று பூனைமயிராக இருப்பவை நாளை கருமயிராகும். சிகிச்சைக்கு முடிவே இராது. வேறு சிலருக்கு இவ்வுரோமம் பரம்பரையாக வருவது. நோய் எதுவும் இராது. இன்னது என்று அறிதற்கே வைத்தியர் வேண்டும். சில மாதங்களுக்குள் உரோமம் திடீரெனப் பெருகி, குரலும் தடித்தாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

மூன்றாம் வினாவுக்கு எமது எண்ணத்தைக் கூறுகின்றோம். நாடியில் நான்கு மயிர் முளைப்பது மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றமன்று. வைத்தியர் ஏதும் கண்டாற் கூட, அதனைச் சொல்வதற்கு உரியவர் பிள்ளையே. கேட்பதற்கு உரியவர் அவர் கைப்பிடிக்கப்போகும் மணமகனே. தக்க வைத்தியத்தோடு இந்நிலையுடைய பெண்களிற் பெரும்பாலோர் தாய்மாராகின்றனர் என்பதையும் இருவரும் அறிந்திருக்கட்டும். பல்லாண்டு ஒரே வீட்டில் வாழப்போகின்றவர்கள். காலைதோறும் ஒருவர் கதவைத் தாழிட்டுக்கொள்ள வேண்டிய நிலையில் அவ்வாழ்க்கை தொடங்கலாகாது.

அம்மையீர், இப்பகுதியைத் தங்கள் புதல்வியின் கையிற் கொடுங்கள். வைத்தியரிடம் போகும்போது கூடப் போங்கள்; பேசுவதை அவரிடம் விட்டுவிடுங்கள். அடுத்த கடிதத்தை அவரே எமக்கு எழுதட்டும். காத்திருப்போம்.